கதம்பம் என்றால் கலப்படமா?

கேள்வி: பூக்காரம்மா 'கதம்பம்' என்கிறார். சமையல்காரர் 'கதம்ப சாதம்' என்கிறார். எது சரி?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: இரண்டு பேருமே சரி. வடமொழியில் கதம்பம் என்றால் கடம்ப மரம். கூட்டம், திரள் என்றும் பொருள். மரம் தமிழில் கடம்பாகி முருகனிடமும், மதுரையில் மீனாட்சியிடமும் போய்ச் சேர்ந்துவிட்டது. மிச்சமிருந்த 'திரள்' பூக்கூடைக்கு வந்தது.

ஒரு முழம் வாங்கி உற்றுப் பாருங்கள். கனகாம்பரத்துக்கு நிறம் உண்டு, வாசனை கிடையாது. மரிக்கொழுந்து வெறும் பச்சைத் தழை, ஆனால் வாசனை தெருமுனை வரை வரும். நடுவில் மல்லிகை, இரண்டும் தனக்கே என்ற மிதப்பில். மூன்றையும் ஒரே வாழைநார் கட்டிப்போட்டிருக்கிறது. நார் வாடினால் கதை முடிந்தது. கூட்டணிக் கட்சிகளை நிருபர்கள் 'கதம்பம்' என்று எழுதுவது அதனால்தானோ என்னவோ!

கதம்ப சாதத்தில் நாரெல்லாம் கிடையாது. பருப்பும் புளியும் போதும். முந்தாநாள் வாங்கிய அரை முருங்கைக்காய், வாடிய நாலு அவரை, ஒரு துண்டு பூசணி எல்லாம் கௌரவமாக உள்ளே போய்விடும். எங்கள் வீட்டில் அதற்கு வியாழக்கிழமை என்று பெயர்; சந்தை வெள்ளிக்கிழமைதானே!