ஸ்லிப் ஏறுவதும் இறங்குவதும்: ஒரு பின்னலாடை ஆய்வு

திருப்பூர் கம்பெனிகளில் ‘ஸ்லிப்’ என்றால் துண்டுச்சீட்டு. இந்த ஆய்வு அந்தச் சீட்டைப் பற்றியதன்று. அதே பெயரில் ஐரோப்பாவில் திரியும் துணியைப் பற்றியது.

1978-இல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற இறக்குமதியாளர் வெள்ளை டி-சர்ட் தேடி இங்கே வந்தார். டி-சர்ட்டால் தகராறு குறைவு. வினை உள்ளாடையில்தான்.

இங்கிலாந்தில் ஸ்லிப் என்பது கவுனுக்குள் போடும் மெல்லிய உடை, நம்மூர் சிம்மீஸ் மாதிரி. கால்வாயைத் தாண்டிப் பிரான்சில் கால் வைத்ததும் சொல் இடுப்புக்கு இறங்கிவிடுகிறது. அங்கே அது ஜட்டி. இத்தாலியிலும் ஜட்டியே. ஸ்வீடன், டென்மார்க், நார்வே பக்கம் போனால் ‘ஸ்லிப்ஸ்’ என்பது கழுத்தில் கட்டும் டை! நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் ஜெர்மானியர்: அவர்களுக்கு ஸ்லிப் ஜட்டி, ‘ஷ்லிப்ஸ்’ டை.

ஆகவே நம் கருதுகோள்: குளிர் கூடக் கூட இச்சொல் உடம்பில் மேலே ஏறும். இங்கிலாந்து இவ்விதிக்குள் அடங்கவில்லை. அந்த நாடு ஐரோப்பாவின் எந்த விதிக்குள் அடங்கியது?

சிரிப்புக்கு இடமில்லாத சுங்கத்துறையிலும் சான்று இருக்கிறது. உலகச் சுங்க அமைப்பின் சரக்குப் பட்டியலுக்கு ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டுமே மூலமொழிகள். பெண்களின் பின்னல் உள்ளாடைக்கு எண் 6108. அந்த ஒரே தலைப்பில் இரு மொழியிலும் ‘ஸ்லிப்’ வருகிறது. ஆங்கிலத்தில் சிம்மீஸாக, பிரெஞ்சில் ஜட்டியாக. பட்டியலை அச்சடித்தவர்கள் முகத்தில் சலனமே இருந்திருக்காது.

விவரமான மெர்ச்சண்டைசர் சொல்லை நம்பி நூல் வாங்குவதில்லை. டெக் பேக்கைத் திறந்து படத்தைப் பார்ப்பார். தோளிலிருந்து உயரமும் பட்டி நீளமும் கொடுத்திருந்தால் சிம்மீஸ். இடுப்பும் தொடைச் சுற்றும் மட்டும் இருந்தால் ஜட்டி. அப்புறம் சாம்பிள் தைத்து அனுப்பி, பையரின் அப்ரூவல் வந்த பிறகே துணி கட்டிங் டேபிளில் விரியும். அங்கே ஸ்டைல் நம்பர், கலர், சைஸ் போதும். எந்த நாட்டு ஸ்லிப் என்று பவர் டேபிளில் உட்கார்ந்திருப்பவர் கேட்கப்போவதில்லை.

மேலே அளவுகோலாக வைத்த சிம்மீஸும் பிறப்பால் பிரெஞ்சுதான். பாரிஸ் கடையில் ‘ஷெமீஸ்’ கேட்டால் காலர் வைத்த சட்டையை எடுத்து நீட்டுவார்கள். அது பெரும்பாலும் நெசவுத் துணி என்பதால், பின்னலாடை ஆய்வின் எல்லைக்குள் வராது.