கடனைத் திருப்ப வந்தால் ஓடும் மேஸ்திரி

கொடைக்கானலுக்குக் கீழே இருக்கும் மலைக் கிராமமான வெள்ளகவியில் ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. சாமி குடியிருக்கும் மண் என்று எல்லையிலேயே கழற்றிவிடுவார்கள். பக்தி சரிதான். ஆனால் காப்பித் தோட்டத்து மேஸ்திரிக்கு அதில் ஒரு சங்கடம் உண்டு: ஆள் வேலையை விட்டுப் போனால் சத்தமே கேட்காது.

மலைத் தோட்டம் எங்கும் இப்படி ஒரு மேஸ்திரி இருப்பார். தலையில் மப்ளர், காதிடுக்கில் பீடி, சட்டைப் பையில் முனை மடங்கிய நோட்டு. கார்த்திகையில் காப்பிப் பழம் சிவக்கச் சிவக்க அவர் முகம் வெளுக்கும். பழமாவது ஒரேயடியாகப் பழுத்துத் தொலைக்கிறதா? ஒரே கொத்தில் பச்சையும் சிவப்பும் சேர்ந்து நிற்கும். பழுத்ததை மட்டும் பார்த்துக் கிள்ள, நாலு நாள் பழகிய கை வேண்டும். அந்தக் கை போய், புதுக்கை வந்தால் கூடையில் பாதி காய்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் மேலே கொடைக்கானலில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் கூட்டம். எந்த லாட்ஜிலும் ஆள் பற்றாது. வட்டக்கானல் வரை மூச்சுவாங்க ஏறிவிட்டால் வேலை காத்திருக்கும். காலங்காலமாக வண்டி பார்க்காத ஒற்றையடிப் பாதை. மூட்டை போவது குதிரை முதுகில். ஆள் போவதற்கு மட்டும் அது நெடுஞ்சாலை.

கம்பெனிகளில் ஆளைத் தக்கவைக்கத் தனி அதிகாரி, தனி அறை, போகிறவரை உட்காரவைத்து 'ஏன் போறீங்க' என்று கேட்கப் படிவம். நம் மேஸ்திரி பாதையோரப் பாறையில் வரக்காப்பிச் செம்போடு உட்கார்ந்து அத்தனையையும் முடிப்பார். ஆடியில் "ஏ புள்ள" என்று அதட்டியவளை, பழம் சிவந்ததும் "மதினி" என்பார். தை பிறந்தால் மறுபடி புள்ள.

உறவு பலிக்காத இடத்தில் முன்பணம். அவர் நோட்டில் பெயர் ஏறியவர் கடன் தீரும்வரை போகமாட்டார் என்பது கணக்கு. பழைய கணக்குதான். சிலோன் தோட்டங்களில் 'துண்டு' என்று ஒரு சீட்டு இருந்தது. கூலியாளின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் விடுவிக்கிறோம் என்று பழைய தோட்டம் எழுதித் தரும். கட்டுகிற புதுத் தோட்டத்துக்கு ஆள் போவான், கடனும் கூடவே போகும். 1921-ல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். மேஸ்திரியின் சட்டைப் பைக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை.

ஆகவே அவர் பயப்படுவது கடனைத் திருப்பாதவர்களுக்கு அல்ல. போன மார்கழியில் ஒருத்தி இரண்டாயிரம் ரூபாயை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். பார்த்ததும் மேஸ்திரி பட்டர் புரூட் மரத்துக்குப் பின்னால் பதுங்கினார்.

"அண்ணே, கணக்கத் தீத்துருங்க."

"இப்ப என்னத்தா அவசரம்? தைக்குப் பாத்துக்கிருவோம்."

"மேல லாட்ஜுல நாளைக்கே வரச் சொல்றாக."

"சில்லறை இல்லத்தா!"

இரண்டாயிரத்துக்கு இரண்டாயிரம், இதில் சில்லறை எங்கே வந்தது? அவள் நெருங்க, இவர் செடிகளுக்குள் புகுந்து தோட்டத்தைச் சுற்றி ஓட, கடைசியில் அவளுக்கே சலித்துப்போனது.

"ஊரெல்லையில ஒங்க செருப்புக்கு அடியில வச்சிட்டுப் போறேண்ணே, எடுத்துக்கிருங்க!"

மூன்று நாள் அந்தச் செருப்பு அங்கேயே கிடந்தது. மேஸ்திரி வெறுங்காலோடு வட்டக்கானல் போய் வந்தார்.