பிழைதிருத்தப் பக்கம்

கூபர்நெட்டிஸ் என்ற மென்பொருளின் டாக்குமென்டேஷனில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், கடைசிவரை இறங்கிப் போனால் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி கிடக்கும்: இந்தப் பக்கம் கடைசியாகத் திருத்தப்பட்டது இன்ன தேதி, இன்ன நேரம், கூடவே, திருத்தியவர் தன் திருத்தத்துக்கு வைத்த அரை வரித் தலைப்பு. பெரும்பாலானவர்கள் அவ்வளவு தூரம் இறங்குவதில்லை. வேண்டிய கட்டளை மேலேயே கிடைத்துவிடுகிறது. எடுத்து ஒட்டிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்த வரியைப் பார்க்காமல் பக்கத்தை மூட மனம் வருவதில்லை. அது வீட்டில் ஒட்டிக்கொண்ட பழக்கம்.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். திருநெல்வேலிக்குப் போனால் வெறுங்கையோடு எங்கள் ஊரான புன்னக்காயலுக்குத் திரும்பியதில்லை. மஞ்சள் பையில் ஒரு புத்தகமாவது இருக்கும். ஆத்தூரில் பஸ் மாறி, வாழைத் தோட்டமும் வெற்றிலைக் கொடிக்காலும் முடிந்து உப்பளம் தொடங்குகிற இடத்தில் பொறுக்கமாட்டாமல் பையைப் பிரித்துவிடுவார் என்று அம்மா சொல்வாள். ஆனால் படிக்க உட்காருவது வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி மாட்டி, பென்சிலைச் சீவிக்கொண்ட பிறகுதான். முதலில் திருப்புவதும் முதல் பக்கத்தை அல்ல. அன்றைய தமிழ்ப் புத்தகங்கள் பலவற்றில் கடைசித் தாளில் ‘பிழைதிருத்தம்’ என்று ஒரு பட்டியல் இருக்குமே, பக்கம், வரி, பிழை, திருத்தம் என்று நான்கு கட்டம் போட்டு, அதைத்தான் திருப்புவார். நான் வாசிக்க வேண்டும், அவர் இடம் தேடித் திருத்துவார். தவறான எழுத்தை மெல்லிய கோட்டால் வெட்டி, சரியானதை அதன் தலைக்கு மேல் எறும்பு எழுத்தில் வைப்பார். வெட்டிய எழுத்தும் தெரிய வேண்டும் என்பது அவருக்கு முக்கியம். முகத்துவாரத்துப் பக்கம் பையன்கள் கத்துவது கேட்டு என் கால் வாசலைத் தேடும்போதெல்லாம், “இருலே, இன்னும் அரைப் பக்கந்தான். திருத்தாத புஸ்தகத்த எப்படிப் படிக்க?” என்பார்.

அச்சுக்கூடத்தார் விட்ட வேலையை வாசகன் முடித்துவைப்பது அன்று இயல்பான காரியம். உங்கள் வீட்டுப் பரணில் பழைய புத்தகம் ஏதும் இருந்தால் எடுத்துப் பாருங்கள். தாத்தாவோ சித்தப்பாவோ போட்ட பென்சில் கோடு ஓரிடத்திலாவது இருக்கும்.

எங்கள் ஊருக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் உரிமையும் உண்டு. அண்டிரிக் அடிகளார் என்று நாங்கள் சொல்கிற என்ரிக்கே என்ரீக்கஸ், போர்ச்சுகலிலிருந்து 1546இல் இந்தியாவுக்கு வந்து, பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் எங்கள் முத்துக்குளித்துறைக் கரையில் வாழ்ந்து 1600இல் மறைந்தவர். அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சாகி வந்தது, பதினாறே பக்கம். தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம். 1586இல் வந்த பெரிய நூலான ‘அடியார் வரலாறு’ புன்னக்காயலிலேயே அச்சானது என்று ஊரில் சொல்வோம். அப்படி எழுதிய வரலாற்றாசிரியர்களும் பலர் உண்டு. எனக்கு அதைவிட நெருக்கமானது அவர் எழுதிய இன்னொன்று. இந்தக் கரைக்கு வந்து சில ஆண்டுகளுக்குள்ளேயே, 1549 வாக்கில், தனக்குப் பின்னால் வரப்போகிறவர்கள் தமிழ் கற்க உதவட்டும் என்று போர்ச்சுகீசிய மொழியில் ஒரு தமிழ் இலக்கணம் எழுதிவைத்தார். எழுதியவர் இருந்தவரை அது அச்சாகவில்லை. லிஸ்பனில் தேசிய நூலகத்தில் கையெழுத்துப் படியாகக் கிடந்து, 1982இல்தான் அச்சேறியது. 2013இல் ஜீன் ஹைனும் வி. எஸ். ராஜமும் ஆங்கிலத்தில் பெயர்த்து விளக்கம் எழுதினார்கள். இன்று நான் செய்கிற வேலைக்கு, அதாவது பின்னால் வருகிறவன் தட்டுத்தடுமாறாமல் இருக்க முன்னால் போனவன் எழுதிவைக்கும் வேலைக்கு, எங்கள் ஊரில் முதல் பெயர் அதுதான் என்று நினைத்துக்கொள்வேன்.

என் தலைமுறைக்கு அந்த வேலை அறிமுகமானது தூத்துக்குடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில். தொண்ணூறுகளின் கடைசி. கட்டளைகளுக்கான உதவிப் பக்கங்களை டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரில் ஓட்டி, இரண்டு ஓரத்திலும் துளை போட்ட அந்த நீளத் தாளைக் கிழிக்காமல் மடித்து, பைண்டு செய்து அலமாரியில் வைத்திருப்பார்கள். கைமாறிக் கைமாறி, முனைகள் பஞ்சாகி, ஓரமெல்லாம் முன்னால் படித்த அண்ணன்மார் எழுத்து. ‘இது ஓடாது, அடுத்த பக்கம் பார்.’ ‘இடையில் ஒரு இடைவெளி விட வேண்டும்.’ ‘சிவப்பு மையில் எழுதியவர் சொல்வதை நம்பாதே, கீழே பச்சை மை சொல்வது சரி.’ நான் அந்தத் தொகுப்பை ஜெராக்ஸ் எடுத்து, பள்ளிப் புத்தகம் போலக் காக்கி அட்டை போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போவேன். அச்சான வரிகளைவிட ஓரத்து எழுத்துகளைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். பார்த்தே இராத மனிதர்கள் ஒரே பக்கத்தின் ஓரத்தில் பேசிக்கொண்டிருப்பதைக் கேட்கிற அந்தச் சுகம், இன்று எந்தத் திரையிலும் எனக்கு வாய்ப்பதில்லை.

பிறகு சென்னை, பெங்களூரு, வேலை, கல்யாணம். 2013இல் டாக்கர் வந்தது. ஒரு நிரலை அதற்கு வேண்டிய சாமான் அத்தனையோடும் சேர்த்துக் கட்டி, எந்தச் சர்வரில் இறக்கினாலும் அப்படியே ஓடச் செய்யும் ஏற்பாடு. அந்தக் கட்டுக்குப் பெயர் கன்டெய்னர். பைத்தானிலிருந்தே கன்டெய்னர்களை எழுப்பவும் நிறுத்தவும் கணக்குப் பார்க்கவும் ஒரு லைப்ரரி உண்டு. நாங்கள் அதை டாக்கர்-பை என்போம். அதன் பக்கங்கள் அப்போது எளிமையாக இருக்கும். ‘கிளையன்ட்’ என்று ஒன்றை உருவாக்கு, இந்தச் சாக்கெட்டைக் கொடு, பட்டியலைக் கேள். மனப்பாடமாகிவிட்ட வரிகள். 2016 முடிந்து 2017 பிறக்கிற சமயத்தில் 2.0 பதிப்பு வந்தது. பழைய ‘கிளையன்ட்’ பெயர் மாறி ‘ஏபிஐகிளையன்ட்’ ஆனது; அதற்கு மேல், எளிமையான புதிய முகம் ஒன்று வைத்தார்கள்; லைப்ரரியின் பெயரிலேயே ‘-பை’ போய் வெறும் ‘டாக்கர்’ என்றானது. பழையதும் புதியதும் ஒரே கணினியில் இருந்தால் ஒன்றை ஒன்று மிதித்துக்கொள்ளும், இரண்டையும் நிரலுக்குள் அழைக்கிற பெயர் ஒன்றே என்பதால். டாக்குமென்டேஷனும் அன்றைக்கே வீடு மாறியது: தனியாக எழுதிவந்த பக்கங்களில் பெரும்பகுதி, நிரலுக்குள்ளேயே எழுதிய குறிப்புகளிலிருந்து தானாகத் தொகுத்து வருகிறதாக ஆயிற்று. நல்ல மாற்றம், சந்தேகமே இல்லை. நிரலைத் திருத்துகிறவன் கைக்கு எட்டும் தூரத்திலேயே விளக்கமும் இருக்கிறது. ஆனால் ஒரு காலைப் பொழுதில் திறந்தால், மனப்பாடமான பக்கம் அங்கே இல்லை. அது அங்கே இருந்தது என்பதற்கு ஒரு கோடுகூட இல்லை.

இப்படிப்பட்ட கன்டெய்னர்களைப் பல சர்வர்களில் மேய்க்கிற கூபர்நெட்டிஸில் இந்த வேகம் இன்னும் அதிகம். 2019 செப்டம்பரில் 1.16 வந்தபோது, டிப்ளாய்மென்ட் எழுதும் கோப்பின் முதல் வரியில் நாங்கள் வருஷக்கணக்காகப் போட்டுவந்த பீட்டா முகவரியை ஏற்க மாட்டேன் என்றது; 2020இல் 1.18 வந்தபோது, ‘ரன்’ என்ற கட்டளை முன்பு செய்த பல வேலைகளை விட்டுவிட்டு கன்டெய்னர் ஓடுகிற ஒரே ஒரு ‘பாட்’ (pod) மட்டும் எழுப்பித் தந்தது. அந்த டிசம்பரில், டாக்கரோடு நேரடியாகப் பேச வைத்திருந்த டாக்கர்ஷிம் என்ற பகுதி இனி விலக்கப்படும் என்ற அறிவிப்பு வந்ததும் உலகமே பதறிப்போய், பதறாதீர்கள் என்று தலைப்பிட்டே அவர்கள் ஒரு விளக்கம் எழுத வேண்டியதாயிற்று; 2022 மே மாதம் 1.24இல் அது உண்மையிலேயே போனது. இப்போது வருஷத்துக்கு மூன்று பதிப்பு. நடப்புப் பதிப்புக்கும் அதற்கு முந்தைய நான்குக்கும் பக்கங்கள் தளத்தில் இருக்கும், அதற்கும் பழையவை மெல்ல விலகிப்போகும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் உண்டு, பெரும்பாலும் நல்ல காரணம். அவற்றை எழுதுகிறவர்கள், சம்பளம் இல்லாமலும் எழுதுகிறவர்கள், எத்தனை ராத்திரி கண்விழிக்கிறார்கள் என்று தெரிந்தவன் நான். அவர்கள்மேல் எனக்கு மரியாதையே உண்டு.

இப்படி அடையாளங்கள் மாறுவது எங்கள் கடலிலும் உண்டு. தாத்தா காலத்தில் கடலுக்கடியில் இருக்கிற ஒவ்வொரு பாருக்கும், அதாவது பாறைத்திட்டுக்கும், பெயர் உண்டு, எழுதிவைத்த குறிப்பு கிடையாது. ஊர்க் கோயில் கோபுரத்தை இன்ன பனைக்கு நேராக நிறுத்து, தெற்கே திருச்செந்தூர்க் கோபுரம் இந்தக் கை விரலுக்கு வரும்வரை ஓட்டு, அங்கே தூண்டிலை இறக்கு என்பார்கள். அந்தப் பனை காற்றில் விழுந்துவிட்டால், அன்று சாயங்காலமே கரையில் வலை பிரித்துக்கொண்டிருப்பவர்களுக்குள் சேதி போய்விடும்: பனை போச்சு, இனி பக்கத்துப் புளியைப் பிடி. ஆனாலும் விழுந்த பனையின் பேரைச் சொல்லாமல் புளியின் பேரைச் சொல்ல மாட்டார்கள். இப்போது ஜிபிஎஸ் பெட்டியில் எண்ணைத் தட்டினால் பாரின் தலையிலேயே கொண்டுபோய் விடுகிறது. அதில் ஒரு தலைமுறையின் உயிர்பயம் குறைந்திருக்கிறது, வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

கொரோனா காலத்தில் வேலையோடு ஊருக்கே வந்துவிட்டேன். 2023 டிசம்பர் 17, 18இல் மழை கொட்டியது; பக்கத்துக் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பதிவான மழை. தாமிரபரணி கரை புரண்டு ரோடு அறுந்து, ஊர் தனித்தீவாகக் கிடந்தது. கரன்ட் இல்லை, போன் இல்லை. கரன்ட் திரும்பியும் இன்டர்நெட் வராமல் இருந்த நாட்களில், லேப்டாப்பில் அந்த டாக்கர் லைப்ரரியின் முழுப் படி ஒன்று இருப்பது நினைவுக்கு வந்தது. திருத்தங்களைக் கணக்கு வைக்கும் ‘கிட்’ (Git) என்ற மென்பொருளில் ஒரு லைப்ரரியை ஒருமுறை முழுசாக இறக்கிவைத்தால், இன்றைய கோப்புகள் மட்டும் வருவதில்லை. முதல் நாளிலிருந்து யார் எந்த வரியை எப்போது, என்ன சொல்லி மாற்றினார்கள் என்ற வரலாறு முழுவதும் கூடவே வந்து உட்கார்ந்திருக்கும். இன்டர்நெட்டே வேண்டாம்.

அதுவரை அதைத் தேவைக்குத் தோண்டியிருக்கிறேனே தவிர, கதை போலப் படித்ததில்லை. ஈரச் சுவர் வாசனையோடு, விளக்கப் பக்கங்களின் திருத்தங்களை மட்டும் பிரித்தெடுத்து, 2013இலிருந்து வரிசையாகப் படித்தேன். எழுத்துப்பிழை ஒன்றைச் சரிசெய்துவிட்டு அதோடு போய்விட்ட ஒருவர். எடுத்துக்காட்டில் விட்டுப்போன அடைப்புக்குறியைப் போட்டவர். ஒருவர் சேர்த்த விளக்கத்தைப் பிறகு வேறொருவர் இரண்டே வரியாகச் சுருக்கியது. இடது பக்கம் கழித்தல் குறியோடு சிவப்பில் போனது, கூட்டல் குறியோடு பச்சையில் வந்தது. வெட்டிய எழுத்து அப்படியே தெரிகிறது. அண்ணன்மாரின் ஓரத்து எழுத்து எங்கும் தொலைந்துபோகவில்லை, நாம் போய்ப் பார்க்காத அறையில் அடுக்கிவைத்திருக்கிறது. கைமாறிய தாளின் வாசமும், முனை பஞ்சானதும் அதில் இல்லைதான். அந்தக் குறையை எந்த மென்பொருளும் தீர்க்கப்போவதில்லை. நானும் அதற்காக ஏங்குவதை நிறுத்தப்போவதில்லை.

இப்போது என்னோடு வேலை பழக வருகிற பிள்ளைகளுக்கு, பக்கத்தைக் காட்டும் முன் அதன் திருத்த வரலாற்றைத்தான் திறந்து காட்டுகிறேன். சலித்துக்கொள்கிறார்கள், எனக்கு அது பழகிய சலிப்பு. ஆத்தூரிலிருந்து வருகிற பெண் ஒருத்தி மட்டும் போன மாதம், எங்கள் உள்குறிப்புகளில் பழைய ‘கிளையன்ட்’ இன்னும் இரண்டு இடத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, “அண்ணே, இத நானே மாத்தட்டுமா?” என்று கேட்டாள். மாற்றியதோடு நிற்காமல், முன்பு ஏன் அப்படி இருந்தது, 2.0இல் ஏன் மாறியது என்று தலைப்பிலேயே ஒரு பத்தி எழுதி அனுப்பினாள். பரிசீலித்தவர் தலைப்பு நீளம் என்று திருப்பியனுப்பினார். தலைப்பை அரை வரியாக வெட்டினாள். பத்தியை வெட்டவில்லை, கீழே விளக்கத்துக்கான இடத்தில் முழுசாக இறக்கிவைத்தாள். மறுநாள் ஏற்றுக்கொண்டார்கள்.