துணிக்கும் முதுகு உண்டு

பெண் பார்க்கப் போகிற இடத்தில்கூட யாரும் பெண்ணைத் திரும்பி நிற்கச் சொல்வதில்லை. எம்பிராய்டரிக்கு மட்டும் அந்த மரியாதை கிடையாது. பூ வேலை செய்த துணி ஒன்றை நம் வீட்டுப் பெரியவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள். முன்பக்கத்தை அரை நொடி பார்ப்பார்கள். அதுகூட எது பின்பக்கம் என்று தெரிந்துகொள்ளத்தான். உடனே புரட்டிவிடுவார்கள். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, இழை இழையாக விசாரணை தொடங்கும்.

எங்கள் குடும்பத்தில் இந்த வழக்குகளுக்கெல்லாம் பெரியம்மாதான் உயர் நீதிமன்றம். கைவேலை டீச்சரிடம் ஸ்கேலால் அடி வாங்கிப் பழகிய கை அவருக்கு. 'ஸ்வீட் ட்ரீம்ஸ்' என்று அவர் தைத்த தலையணை உறைகள் இன்னும் பீரோவில் இருக்கின்றன. அவற்றில் இதுவரை யாரும் தலை வைத்ததில்லை, கனவும் கண்டதில்லை. விருந்தாளி வந்தால் திருப்பிக் காட்டுவதற்காக மட்டும் வெளியே வரும். காட்டி முடிந்ததும் பாச்சை உருண்டைகளோடு போய்ச் சேர்ந்துகொள்ளும்.

"முன்னால நல்லா இருக்கறது பெருசில்ல கண்ணு. பின்னாலதான் ஆளு யாருன்னு தெரியும்" என்பது அவர் சித்தாந்தம். நான் தைத்த முதல் பூவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "முன்னால பூவு, பின்னால காக்காய்க் கூடு" என்று தீர்ப்பு எழுதினார். நான் மேல்முறையீடு செய்தேன். இயற்கையைத் துணியில் கொண்டுவருவதுதானே நோக்கம்? ஒரே துணியில் பூவும் கூடும் கிடைத்தால் லாபம்தானே? மனு தள்ளுபடியானது.

கோவையில் எங்கள் தெருமுனைத் தையல் வகுப்பில் சேர்ந்தபோது, டீச்சர் ஒரு டிசைன் புத்தகத்தை நீட்டினார். ரோஜா, அன்னம், வாத்து, தோகை விரித்த மயில், குடை பிடித்த வெள்ளைக்காரச் சிறுமி. நம் ஊரில் எங்கேயும் பார்க்க முடியாத நீல நிறப் பூக்கள் பக்கம் பக்கமாக இருந்தன. ஆவாரம்பூ இல்லை, எருக்கு இல்லை, வேலியோரத்துச் சங்குப்பூகூட இல்லை. "எனக்குக் கண்வலிப்பூ தைக்கணுங்க டீச்சர்" என்றேன். டீச்சர் என் கண்ணைத்தான் முதலில் பார்த்தார்.

கண்வலிப்பூ என்றால் செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர். மூலனூர், தாராபுரம் பக்கம் இதை வயலில் பந்தல் கம்பி கட்டி வளர்க்கிறார்கள். கிழங்கிலிருந்து விதை வரை எல்லாவற்றிலும் கோல்கிசின் என்ற நஞ்சு உண்டு. அதே நஞ்சு அளவோடு போனால் மூட்டுவாத மருந்து. விதைக்காகத்தான் சாகுபடி. மூலனூரில் எங்கள் மாமா ஒருவருக்குக் கொஞ்சம் கண்வலி வயல் உண்டு. பூவை நேரில் பார்த்து வரையலாம் என்று நோட்டும் பென்சிலுமாகப் போய் நின்றேன்.

எம்பிராய்டரி கற்றுக்கொள்கிறவர்களுக்கு இதைவிட வசதியான பூ உலகத்தில் இல்லை. மொட்டில் பச்சை, விரியும்போது மஞ்சள், பிறகு நுனியிலிருந்து சிவப்பு இறங்கி, கடைசியில் முழுச் சிவப்பு. ஒரே கொடியில் எல்லாப் பருவத்துப் பூவும் இருக்கும். எந்த நிறத்து நூலைப் போட்டாலும் ஏதாவது ஒரு பூவுக்குச் சரியாகத்தான் இருக்கும். இதழ் விளிம்பு நெளிநெளியாக இருப்பதால் கோடு கொஞ்சம் கோணிப்போனால் அது கலைநயம். கைவேலை கற்பவர்களின் நலன் கருதியே அரசு இதை மாநில மலராக அறிவித்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் அங்கே கவனித்தேன். பூ தலைகுனிந்து தொங்குகிறது. ஆறு இதழ்களும் பின்னுக்கு மடங்கி மேல்நோக்கி நிற்கின்றன. உள்பக்கத்தை வெளியே மடித்துக் காட்டிக்கொண்டிருக்கிற பூ. இதில் எது முன், எது பின் என்று பெரியம்மாவைக் கேட்க வேண்டும் என்று நோட்டில் குறித்துக்கொண்டேன்.

மாமா நான் வரைவதை எட்டிப் பார்த்தார். "நடுவால பச்சையா ஒரு கம்பி இருக்குது பாருங்க அம்மணி. அது நேரா நிக்காது, ஒடிச்சு வெச்ச மாதிரி பக்கவாட்டுல போகும். மகரந்தம் அதுமேல தானா படறது கஷ்டம். அதனாலதான் காலங்காத்தால நாங்க ஒவ்வொரு பூவா தொட்டு வெச்சுட்டுத் திரியறோம்" என்றார். எந்தத் தையல் புத்தகமும் தராத தகவல். பூவின் நடுவிலிருந்து ஒரு கோடு செங்கோணத்தில் திரும்பிப் பக்கவாட்டில் போக வேண்டும். அதைச் சுற்றி ஆறு மகரந்தத் தாள்கள். அவர் பூவைப் பூவாகப் பார்க்கவில்லை, விதைக் கணக்காகப் பார்த்தார். ஆனாலும் என் டிசைனை அவரளவுக்குக் கூர்ந்து பார்த்த ஆள் வேறு யாருமில்லை.

அடுத்தது நூல். இலையை ஈரத் துணியில் சுற்றி, டிபன் பாக்ஸில் வைத்து, ஃபேன்ஸி ஸ்டோருக்குக் கொண்டுபோனேன். "மேட்சிங்குக்கு ஜாக்கெட் துணிதானுங்க கொண்டு வருவாங்க. இலையோட வந்த மொத ஆளு நீங்கதான்" என்றார் கடைக்காரர். கிளிப்பச்சை, பாசிப்பச்சை, ராமர் பச்சை, மெஹந்திப் பச்சை என்று அடுக்கினார். டியூப்லைட்டில் ஒரு பச்சை பொருந்தியது. வாசல் வெயிலில் அதுவே வேறாக இருந்தது. நாங்கள் உள்ளேயும் வெளியேயும் நடந்துகொண்டிருந்ததில் இலை வாடி, தானே மெஹந்திப் பச்சைக்கு வந்துவிட்டது. "இப்பப் பொருந்துதுங்க" என்று கண்டைக் கையில் கொடுத்துவிட்டார். ஒரு கண்டில் 8 மீட்டர். அதில் 6 இழைகள். பிரித்து இரண்டு இரண்டாகக் கோத்தால்தான் இதழின் மெல்லிசு வரும். பிரிக்கும்போது அவை ஒன்றையொன்று விட மனமில்லாமல் சுற்றிக்கொள்வதைப் பார்த்தால், இழைகளுக்கும் கூட்டுக் குடும்பத்தில் நம்பிக்கை உண்டு என்று தெரியும்.

தையல்களைக் கற்கக் கற்க ஒன்று விளங்கியது: பின்பக்கம் குப்பையாவது ஆளின் குணத்தால் அல்ல, தொழிலின் குணத்தால். செங்காந்தள் இதழுக்கு லாங் அண்ட் ஷார்ட் தையல். முதல் வரிசையில் நெடியதும் குட்டையுமாக மாறி மாறிப் போட்டு, அடுத்த நிறத்தை அந்த இடைவெளிகளுக்குள் நுழைத்து ஏற்ற வேண்டும். அப்போதுதான் மஞ்சள் எங்கே முடிந்தது, சிவப்பு எங்கே தொடங்கியது என்று தெரியாது. முன்பக்கம் மூன்று நிறம் இப்படிக் கலக்க வேண்டுமானால், பின்பக்கம் மூன்று ஊசிகளின் நூலும் ஒன்றையொன்று தாண்டித்தானே ஆக வேண்டும்?

செங்காந்தள் இலைகளின் நுனி சுருண்டு பற்றுக்கம்பியாகிவிடும். அதற்கு ஸ்டெம் ஸ்டிச். வளைவு இறுக இறுகத் தையலைச் சிறிதாக்க வேண்டும். ஸ்டெம் ஸ்டிச்சைத் திருப்பினால் பேக் ஸ்டிச் மாதிரி இருக்கும். பேக் ஸ்டிச்சைத் திருப்பினால் ஸ்டெம் ஸ்டிச் மாதிரி இருக்கும். ஆக, பெரியம்மா புரட்டிப் பார்க்கும்போது அங்கே இருப்பது இன்னொரு நல்ல தையல்தான். முடிச்சு விஷயத்தில்தான் பெரிய அநியாயம். நூலைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் முடிச்சே போடக் கூடாது, போட்ட தையல்களுக்கு அடியில் நுழைத்துத்தான் முடிக்க வேண்டும் என்பது டீச்சரின் சட்டம். அதே முடிச்சை முன்பக்கம் போட்டால் பிரெஞ்ச் நாட் என்று பெயர் சூட்டிப் பாராட்டுகிறார்கள்.

என் கட்சிக்குச் சாட்சி தேடினேன். முதல் சாட்சி இலை. எந்த இலையையும் திருப்பிப் பாருங்கள். நரம்பெல்லாம் புடைத்துத் தெரிவது அடிப்பக்கத்தில்தான். இயற்கையே மேலே வழவழப்பு, கீழே வேலைப்பாடு என்றுதான் வைத்திருக்கிறது. பெரியம்மாவின் கைவேலை டீச்சர் இருந்திருந்தால் மாமரத்துக்கும் ஸ்கேலடி விழுந்திருக்கும்.

இரண்டாவது சாட்சி நீலகிரியிலிருந்து. தோடர் பெண்களின் புகூர் வேலைப்பாடு வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்பும். டிரேசிங் பேப்பர் கிடையாது, பென்சில் கோடு கிடையாது. துணியின் இழைகளை எண்ணி எண்ணியே எருமைக் கொம்பு முதலான வடிவங்களைக் கொண்டுவருகிறார்கள். தைப்பது ஒரு பக்கம்; நூல் மேடிட்டுத் தெரிகிற மறுபக்கத்தைத்தான் நேர்ப்பக்கமாகக் கொள்கிறார்கள். 2013-இல் புவிசார் குறியீடும் பெற்ற கலை. மூன்றாவது சாட்சி லக்னோ சிக்கன் வேலை. அதில் பகியா என்றொரு தையல்: மெல்லிய துணியின் பின்பக்கம் நூலைக் குறுக்கும் நெடுக்குமாக ஓடவிடுவார்கள், முன்பக்கம் அது இதழின் நிழலாகத் தெரியும். பின்னால் நூல் ஓடாவிட்டால் முன்னால் பூவே இல்லை.

எதிர்த்தரப்புக்கும் ஒரு சாட்சி உண்டு என்பதை மறைக்கக் கூடாது. இமாசலத்துச் சம்பா கைக்குட்டைகளில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். புரட்டுகிறவர்களுக்கு அங்கே வேலையே இல்லை. இதைப் பெரியம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. "பாத்தியா?" என்று ஒற்றைச் சொல்லில் மற்ற மூன்று சாட்சிகளையும் வெளியே அனுப்பிவிட்டார்.

செங்காந்தள் முடிந்ததும் ஃப்ரேம் கடைக்குப் போனேன். சாமி படமும் காலமானவர் படமும் மட்டுமே போட்டுப் பழகியவர் அந்தக் கடைக்காரர். முன்னாலும் பின்னாலும் கண்ணாடி வேண்டும் என்றேன். "பின்னால எதுக்குங்க? செவுரு பாக்கறதுக்கா?" என்று கேட்டார். சுவரில் மாட்டவில்லை, கூடத்து ஜன்னலில் தொங்கவிட்டேன். உள்ளிருந்து பார்த்தால் பூ, திண்ணையிலிருந்து பார்த்தால் கூடு. ஒளிவுமறைவு கிடையாது.

பெரியம்மா வந்தார். திண்ணை வழியாகத்தானே வர வேண்டும்? பின்பக்கம் பட்டவர்த்தனமாகத் தொங்குவதைப் பார்த்தார். புரட்டக் கை நீண்டது. புரட்ட எதுவும் இல்லை. விசாரிக்க ஒன்றும் மிச்சமில்லாத நீதிபதியாக உள்ளே வந்து உட்கார்ந்தவர், வேறு வழியில்லாமல் முன்பக்கத்தைப் பார்த்தார். என் வேலை ஒன்றின் முன்பக்கத்தை அவர் காபி முடிகிறவரை பார்த்தது அன்றுதான். மஞ்சளிலிருந்து சிவப்பு ஏறுவதையும், நடுவே ஒடிந்து திரும்பும் அந்தப் பச்சைக் கோட்டையும் பார்த்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அசலாட்டமே இருக்குது" என்றார். பிறகு எழுந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அதான் சொல்றேன், கழட்டி வெய்யி. கண்வலிப்பூவ உத்துப் பாத்தா கண்ணு வலிக்கும்."

இதை மறுத்து வாதாட என்னிடம் ஒன்றுமில்லை. லாங் அண்ட் ஷார்ட் முடித்த கையோடு நான் போய் நின்ற இடம் கண்ணாடிக் கடைதான். பவர் கூடியிருந்தது.