பின் இருக்கை ஹேண்டில்பாரும் அதன் காற்றியல் பயன்களும்: ஓர் ஆய்வு

நோக்கம்: இருவர் ஓட்டும் டாண்டம் சைக்கிளில் முன்னவரை உலகம் அறியும். அவர் திருப்புவார், பிரேக் பிடிப்பார், பாராட்டும் பெறுவார். பின்னவர் மிதிப்பார். அவர் கையிலுள்ள ஹேண்டில்பார் குறித்து அறிவுலகம் காத்துவரும் மௌனத்தைக் கலைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரையறை: மேற்படி பார் முன்னவரின் சீட் கம்பியோடு முடுக்கப்பட்டது. இடமும் திரும்பாது, வலமும் திரும்பாது. டவுன் பஸ்ஸில் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி வளைவில் சாய்கிறோமே, பஸ்ஸை ஓட்டுவதில் அந்தக் கம்பிக்குள்ள பங்குதான் இதற்கும்.

முதல் சிக்கல், இடநெருக்கடி: கீழ்நோக்கி வளைந்த டிராப் பாரைப் பூட்டினால் அதன் முன்வளைவுகள் முன்னவரின் தொடைகளுக்கு இருபுறமும் வந்து நிற்கும். பார் குறுகலென்றால் மிதிக்கு ஒருமுறை தொடை வந்து பின்னவரின் விரல் முட்டியில் இடிக்கும். ஆகவே பின்னவருக்குப் பார் வாங்குமுன் முன்னவரின் இடுப்பில் டேப் வைத்துப் பார்ப்பதே முறை.

இரண்டாம் சிக்கல், காற்று: வேகம் 2 மடங்கானால் காற்றின் எதிர்ப்பு 4 மடங்கு, அதை வெல்லத் தேவையான திறன் 8 மடங்கு. முன்னவர் காற்றைப் பிளக்கிறார். ஆனால் அவர் முதுகுக்குப் பின்னே அழுத்தம் குறைந்து, அது அவரையே பின்னுக்கு இழுக்கிறது. பின்னவர் குனிந்து ஒட்டி அமர்ந்து அந்த வெற்றிடத்தை அடைத்தால் இருவருக்கும் ஆதாயம். நிமிர்ந்து இயற்கையை ரசித்தால் நட்டம் கூட்டுக் கணக்கில் ஏறும். குனிவதற்கும் விலையுண்டு: கண்ணெதிரே முன்னவரின் நனைந்த பனியன் மட்டுமே தெரியும். மூக்கு முட்டாதிருக்க முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொள்ளலாம்.

மறுப்பும் பதிலும்: வழி தெரியாதவர் எப்படி ஓட்டுநராவார் என்பர். பாராலிம்பிக்கில் பார்வைக் குறைபாடுள்ள வீரர் அமர்வது பின்னால்தான். முன்னால் இருப்பவர் அவருக்குப் பைலட். 1972 மியூனிக்கோடு டாண்டம் பந்தயத்தைக் கைவிட்ட ஒலிம்பிக் இதைச் சிந்திக்கக் கடவது.

முடிவு: திருப்புவதற்கு இந்தப் பார் தேவையில்லை. ஆனால் பிடி இல்லாமல் குனிய முடியாது; குனியாமல் வேகம் வராது; வேகம் வராவிட்டால், திரும்பிப் பார்க்க முடியாத முன்னவர், "நீ மிதிக்கவே இல்லை" என்பார். எனவே அது ஹேண்டில்பார் அன்று, தற்காப்புச் சாதனம் என இவ்வாய்வு நிறுவுகிறது.