முழங்கால் வலிக்கு ஏற்ற மலை

முழங்கால் வலிக்காரருக்கு நுவரெலியாவைச் சிபாரிசு செய்தால், பல் வலிக்காரருக்கு முறுக்கு நீட்டியவரைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். 1,868 மீட்டர் உயரம், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றம். ஆனாலும் ஏப்ரலில் அங்கே நடக்க ஏற்றவர் வலிக்காரர்தான் என்பது என் கட்சி. முதல் சாட்சி, வாகன நெரிசல். மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம் என்று சீசன் களைகட்டும்போது கொழும்பிலிருந்து வந்த வாகனங்களெல்லாம் கிரகரி வாவிப் பக்கம் நின்றே போய்விடும். கோடாலித் தைலம் மணக்க, கைத்தடி ஊன்றி விந்தி விந்தி வருகிறவர் அவற்றை ஒவ்வொன்றாக முந்தலாம். உள்ளே இருப்பவர்களுக்குக் கையும் காட்டலாம்.

அடுத்த சாட்சி, பாதை. கோப்பிக் காலத்திலும் சரி, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட பிறகும் சரி, தோட்டத்து வண்டிப் பாதைகள் பாரம் இழுக்கும் மாட்டை நினைத்தே வெட்டப்பட்டன. அதனால் மலையைச் சுற்றிச் சுற்றி, சாய்வு தெரியாமல் ஏறுகின்றன. துரைமார் மாட்டுக்குக் காட்டிய கருணை இன்று நம் மூட்டுக்கு. இத்தகைய பழைய பாதைகளைக் கோத்துத்தான் கண்டியிலிருந்து நுவரெலியா வரை, ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல என்று சுற்றிக்கொண்டு, 300 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பீக்கோ பாதையை 22 கட்டங்களாக அமைத்திருக்கிறார்கள். அரைக் கட்டத்தில் உட்கார்ந்துவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. முழங்காலுக்கு எமன் குறுக்குப் பாதைதான். லயத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குத் தாவி இறங்குகிற மண்படிகள். ஏறும்போது மூச்சு மட்டும்தான் வாங்கும். இறங்கும்போதோ தொடைத் தசை ஒவ்வோர் அடியிலும் உடல் பாரத்தைத் தடுத்து நிறுத்தவேண்டும். அந்தக் கணக்கெல்லாம் முழங்காலில்தான் எழுதப்படும். சிவனொளிபாதமலைக்கு ஏறப்போகிறவர்களின் வீராப்பைக் கேட்டுவிட்டு, இறங்கி வருகிறவர்களின் முகத்தை நல்லதண்ணியில் நின்று பாருங்கள்.

வலி என்றால் ஓய்வுதானே என்பார்கள். 2024இல் லான்செட் இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், கீழ்முதுகு வலியிலிருந்து மீண்டு, இயன்முறை மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) சொன்னபடி படிப்படியாக நடந்தவர்களுக்கு வலி திரும்ப இடைநிலையாக 208 நாள் ஆனது. அந்தத் திட்டத்தில் சேராதவர்களுக்கு 112. அது முதுகுக்கு என்று முழங்கால் ஆட்சேபிக்கலாம். ஆனால் மூட்டுத் தேய்வுக்கும் மருத்துவர்கள் அளவான நடையைத்தான் சொல்கிறார்கள். வீக்கமோ மரத்துப்போதலோ இருந்தால் மட்டும் முதலில் டாக்டர், பிறகு மலை. மெதுவாக நடந்தால் அட்டை பிடிக்கும் என்பது இன்னொரு பயம். ஓடுகிறவரையும் அது விட்டுவைப்பதில்லை. ஏப்ரலில் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் இடியோடு வரும். காலையிலேயே நடந்து முடித்தால் அட்டைத் தொல்லையும் குறையும்.

கனமான ஆட்சேபம் மேலே, செங்குத்தான மலையில் நிற்கிறது: இடுப்பில் படங்கு, முதுகில் கொழுந்து என்று தேயிலை பறிக்கும் ஓர் அக்கா. மழைக்குப் பின் தளதளக்கும் பச்சை நமக்குக் காட்சி; அந்த அக்காவுக்கு அது கூடுதல் கிலோ. சொன்ன நிறை சேராவிட்டால் பல தோட்டங்களில் அரைப் பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம். அவருக்கும் முழங்கால் உண்டு. ஆனால் அது வலிக்கும்போது உட்கார அவருக்கு அனுமதி இல்லை. என் கட்சியிடம் இதற்குப் பதில் கிடையாது. கேமராவைப் பைக்குள் போட்டுவிட்டு, அவர் மூட்டையோடு நிறுவைக்கு இறங்கி வரும்போது, கைத்தடிக்காரரானாலும் சரி, ஓரமாக ஒதுங்கி நிற்கவேண்டியதுதான்.