டிரைவர் மேல் பழி: நீலத்திரையியலுக்கு ஒரு முன்னுரை

கணினி நிற்றல் இருவகைப்படும்: நாம் நிறுத்த நிற்றல், தானே நிற்றல். முன்னது இவ்வாய்வுக்குப் புறம்பு. பின்னது மீண்டும் இருவகைப்படும்: ஹேங் ஆகி நிற்றல், நீலத்திரை காட்டி நிற்றல். ஹேங் ஆவது மௌனம். அதற்கு உரை எழுத முடியாது. நீலத்திரையிலோ ஒரு சோகமுகமும் (2012இல் விண்டோஸ் 8 கொண்டுவந்த இடைச்செருகல், பழைய பிரதிகளில் இல்லை) அதன்கீழ் ஒரு சூத்திரமும் உண்டு. 2025இல் விண்டோஸ் 11 திரையைக் கறுப்பாக்கி முகத்தையும் எடுத்துவிட்டது. ஆயினும் மரபு கருதி நீலம் என்றே ஆள்வோம்.

சூத்திரங்களுள் தலையாயது ‘டிரைவர் ஐஆர்கியூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்’ என்பது. எது, எதனினும் குறையவில்லை? சூத்திரம் கூறாது, உரையிற் கொள்க. உரை வருமாறு: இயங்குதளத்தின் கருவாகிய கெர்னலுக்குள் நடக்கும் வேலைகளுக்கு ஐஆர்கியூஎல் என்னும் அவசர நிலைகள் உண்டு. இரண்டாம் நிலையிலோ அதற்கு மேலோ நிற்பவர், ரேமில் இல்லாத பக்கத்தை டிஸ்கிலிருந்து எடுத்துவரச் சொல்லிக் காத்திருக்கலாகாது. அந்த நிலையில் நின்றுகொண்டு ஒரு டிரைவர் அத்தகைய பக்கத்தைத் தொட்டால் கெர்னல் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். ஒருவர் தவறுக்கு எல்லாரும் நிற்பானேன் எனின், டிரைவர்களும் கெர்னலும் ஒரே முகவரிவெளியில் தடுப்பின்றிப் புழங்குவன. ஒருவர் கை தவறியபின் எதை நம்புவது என்று கெர்னலுக்கே தெரியாது. தொடர்ந்து ஓடினால் குப்பையை டிஸ்கில் எழுதிவிடலாம். எனவே நீலத்திரை கோபமன்று, முன்ஜாக்கிரதை என்பது எம் துணிபு. ஜிஎஸ்டி ரிட்டர்ன் பாதி நிரப்பியிருப்பவரிடம் இத்துணிபைச் சொல்லற்க.

இனி, காரணம் பற்றி நாட்டில் வழங்கும் மதங்கள். முதலாவது டிரைவர் கட்சி; பொறியியல் படித்த அக்கா மகன்கள் பெரும்பாலும் இதைச் சார்ந்தவர்கள். இரண்டாவது ரேம் கட்சி. சென்னை ரிச்சி தெருவில் செல்வாக்குள்ளது. இக்கட்சியார் கேபினெட்டைத் திறந்து, ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் இருபுறமும் தேய்த்து, ‘ஃபூ’ என்று ஊதி, ‘டக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்துவர். பலமுறை சரியாகியும் விடும். வேலை செய்தது கழற்றி மாட்டியதுதான், புகழ் ரப்பருக்கு என்பாரும் உளர். மூன்றாவது ஃபார்மட் கட்சி: “ஃபார்மட் அடிச்சிரலாம் சார்.” இவர்க்குக் காரணமே வேண்டுவதில்லை. ஆகவே இவரை யாரும் வாதில் வென்றதில்லை. சாட்சியங்களும் ஃபார்மட்டில் போய்விடும்.

டிரைவர் கட்சிக்கு வரலாற்றுச் சான்றுகள் வலுவானவை. 1998 ஏப்ரல் 20, சிகாகோ காம்டெக்ஸ் கண்காட்சி: பில் கேட்ஸ் மேடையில் நிற்க, மைக்ரோசாப்ட் ஊழியர் கிறிஸ் கபோசெலா விண்டோஸ் 98இன் பெருமையைக் காட்ட ஒரு ஸ்கேனரை மாட்டினார், மாட்டியதும் பெருந்திரையில் நீலம். 2024 ஜூலை 19: கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு டிரைவர், மைக்ரோசாப்ட் கணக்குப்படி, சுமார் 85 லட்சம் கணினிகளைச் சாய்த்தது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் அங்கும் டிரைவர் நேற்றுவரை ஒழுங்காக ஓடியதுதான். புதிதாக வந்த தரவுக் கோப்பு 21 மதிப்புகளை எதிர்பார்த்தது. கையில் இருந்தவை 20. இல்லாத இருபத்தோராவதைப் படிக்கப் போய் டிரைவர் விழுந்தது. குத்தியவன் டிரைவர், கத்தி கொடுத்தவன் வேறு என்க.

எம் வாதமும் இதுவே: திரையில் வரும் பெயர் விழுந்தவனுடையது, தள்ளியவனுடையதாக இருக்கவேண்டியதில்லை. 116 என்னும் நீலத்திரைப் பிழை எண்ணைக் காண்க. கிராபிக்ஸ் சிப்புக்கு விண்டோஸ் கொடுக்கும் தவணை 2 விநாடி. அதற்குள் பதில் வராவிட்டால் டிரைவரை மீட்டமைக்கப் பார்க்கும்; அதுவும் தோற்றால் நீலம். சித்திரை வெயிலில் ஃபேன் முழுக்கத் தூசி அடைத்துக் கார்டு திணறினாலும், எழுதப்படுவது டிரைவர் பெயரே. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி.

பிரமாணம் எது எனின், மினிடம்ப். வழக்கமாக ஒவ்வொரு வீழ்ச்சியும் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஒரு சிறு கோப்பை விட்டுச்செல்லும். விண்டிபக் என்னும் ஆய்வுக்கருவியின் பழைய பதிப்புகளில் திறந்தால் ‘பெரும்பாலும் இதனால்’ என்ற பொருளில் ஒரு வரி வரும். ‘பெரும்பாலும்’ என்பதை அடிக்கோடிடுக. அநேக தடவை அங்கே கெர்னலின் பெயரே நிற்கும். அதாவது புகார் கொடுத்தவர். ஆகவே ஒரு கோப்பைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லற்க. எல்லாவற்றிலும் ஒரே டிரைவர் வந்தால் அவன்மேல் சந்தேகம் நியாயம். அவன் பழைய பதிப்புக்குத் திரும்புக. ஐயம் தீராவிடில் விண்டோஸ் 2000 முதல் உடன்வரும் டிரைவர் வெரிஃபையரை ஏவலாம். அது டிரைவரை நெருக்கி, தவறு செய்த இடத்திலேயே விழவைக்கும். விழுவதைத் தடுக்க மேலும் விழவைக்கும் இம்முறை வீட்டாரிடம் விளக்கத் தக்கதன்று. கோப்புக்குக் கோப்பு வெவ்வேறு பெயர் வந்தாலோ, ரேமைப் பார்க்க.

ஆய்வுப்பொருளாகிய எங்கள் வீட்டு அசெம்பிள்டு சிஸ்டத்தில் ஒரு கோப்பு வைஃபை டிரைவரையும், அடுத்தது சவுண்டையும், மற்றொன்று மவுஸையும் குறித்தது. அக்கா மகன் முதற்கோப்போடு நிறுத்திக்கொண்டு, “வைஃபை டிரைவர்தான் மாமா, அப்டேட் பண்ணிட்டேன், இனி வராது” என்றான். அன்று மாலை வரவுமில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழாமலிருந்தது.

மறுநாள் விழுந்தது. பென்டிரைவில் மெம்டெஸ்ட்86 ஏற்றி இரவெல்லாம் ஓடவிட்டோம். இது விண்டோஸ் வருவதற்கு முன்பே ஓடுவது. விண்டோஸ் டிரைவர் ஒன்றுகூட அங்கே கிடையாது. காலையில் திரை நிறையச் சிவப்பு வரிகள். இரண்டு ரேமையும் தனித்தனியே மாட்டிச் சோதித்ததில் ஒன்று சுத்தம், மற்றது சிவப்பு.

“அதுவும் ஒரு சாஃப்ட்வேர் சொல்றதுதானே மாமா” என்பது டிரைவர் கட்சியின் மறுப்பு. சிவப்புக் காட்டிய ரேமை மட்டும் கழற்றியபின் நீலம் வரவில்லை என்பது அதற்கு விடை. வாரண்டி இருந்ததால் கடைக்காரர் மறுபேச்சின்றி வேறு ரேம் தந்தார். மாட்டி, ஆன் செய்து, எல்லாம் ஓடுவதைப் பார்த்துவிட்டு, கேபினெட் ஸ்க்ரூவை முறுக்கியபடியே கேட்டார்: “எதுக்கும் ஒரு ஃபார்மட் அடிச்சிரலாமா சார்?”